பைபாஸ் குமுதா

குமுதாக்கா அந்த வளைவுக்கு வந்ததும் நின்று பூட்ஸைக் கழற்றுவார். இரண்டையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார். சின்னப் பாலம் வந்ததும் அதன் திட்டில் உட்கார்ந்து, பாதத்தைப் புல்லில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார். முதுகில் கொழுந்துக் கூடை கனத்தாலும் அப்படித்தான். மழையிலும் அப்படித்தான். மழை நாளில் அந்தப் பாதையில் அட்டை நெளியும். வீட்டு வாசலில் நின்று, கணுக்காலில் ஒட்டியதைச் சுண்ணாம்பு தடவி எடுப்பார். அதற்காக அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

நான் பக்கத்து லயன் வீட்டுக்காரி, எஸ்டேட் வரிசை வீடுகளை அப்படித்தான் சொல்வோம். பேச்சு எனக்குக் குறைவு. பார்ப்பது மட்டும் வரும். வருடக்கணக்காக அதைப் பார்த்தேன்.

வங்காளதேசத்து ஆட்கள் எங்கள் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தபோது, முதலில் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அங்கே ஏதோ சாமி இருக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள் போலிருக்கிறது. அவர்களில் ரஃபீக் என்று ஒருவன் வளைவு வந்ததும் தானும் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். யாரும் அவர்களுக்கு விளக்கம் சொல்லவில்லை. அக்காவும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

அங்கே சாமி இல்லை. அக்காவின் பிள்ளை இருந்தான். அந்தப் பாதையின் ஓரத்தில், எந்த இடத்தில் என்றுதான் அவருக்குத் தெரியாது. அதனால்தான் வளைவு முதல் பாலம் வரை முழுவதும் வெறுங்கால்.

பிள்ளையின் பெயர் குகனேஸ்வரன். குகன் என்று கூப்பிடுவோம். அவன் பிறந்தபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எஸ்டேட் ஆயாக் கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலைக்குப் போகிற தாய்மார்கள் விடியலில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். குகன் தொட்டிலில் படுத்து மேலே உத்தரத்தைப் பார்த்துச் சிரிப்பான். அங்கே ஒன்றும் இருக்காது.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் அவனுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தது. காலையில் மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது. எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரெசர் பார்த்துவிட்டு, உடனே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அக்காவின் கணவர் தங்கையா அண்ணன் ஃபேக்டரியில் ஷிப்டில் இருந்தார். ராஜநாயகம் அண்ணன் எஸ்டேட் லோரியை எடுத்தார். பிளாஸ்க்கும் துணியும் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றினார்கள்.

திரிங்காப் டவுன் வரை லோரி ஓடியது. டவுனில் நின்றது. இரண்டு ஓரத்திலும் காய்கறி லோரிகள் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தன. நடுவில் கீழேயிருந்து வந்த கார்களும் சுற்றுலா பஸ்களும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. ராஜநாயகம் அண்ணன் ஹார்னை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவே இல்லை. ஹார்ன் ஒரே நீளமாகக் கத்திக்கொண்டிருந்தது. யாரும் நகரவில்லை. நகர இடமும் இல்லை.

அக்கா கதவைத் திறந்து இறங்கினார். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கார்களுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். ஒரு கார்க் கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்த பெண், காய்கறிச் சந்தை எந்தப் பக்கம் என்று மலாயில் கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

பூக்கடை ஒன்றின் முன்னால், வாளி வாளியாகச் செவ்வந்தி வைத்திருந்த இடத்தில், குகனின் தலை அக்காவின் கையில் பின்னால் சாய்ந்தது. அக்கா நிற்கவில்லை. கடைக்காரச் சீன அம்மாள் ஓடிவந்து ஒரு நாற்காலியைப் போட்டார். பிள்ளையைக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துவந்து கொடுத்தார். அப்போதுதான் அக்கா நின்றார். எங்களுக்குப் பின்னால் ராஜநாயகம் அண்ணனின் ஹார்ன் கத்திக்கொண்டே இருந்தது.

பல் முளைக்காத பிள்ளையைப் பெரியவர்களின் இடுகாட்டில் எங்கள் எஸ்டேட்டில் வைப்பதில்லை. வளைவுக்கு அப்பால், தேயிலை முடிகிற விளிம்பில் புதைப்பார்கள். எங்கள் பெண்கள் அங்கே போவதும் இல்லை. போகக்கூடாது, கேட்கவும் கூடாது. தாய்க்கு இடம் தெரிந்தால் மனசு அங்கேயே சுற்றும், பிள்ளை திரும்பி வந்து பிறக்காது என்பார்கள். தங்கையா அண்ணனும் அவருடைய கூட்டாளி சுப்பிரமணியமும் இன்னும் இரண்டு மூன்று ஆம்பிளைகளும் போனார்கள்.

மறுநாள் பால் ஊற்றப் போகவேண்டும். அக்காவுக்கு மார்பு கட்டிக்கொண்டு நெருப்பாய்ச் சுட்டது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த எவர்சில்வர் டம்ளரில் தன் பாலையே பீய்ச்சினார். டம்ளரின் வாய்விளிம்புக்குக் கீழே 'குமுதா' என்று பேர் வெட்டியிருக்கும். தங்கையா அண்ணன் அதைத் துணியால் மூடி எடுத்துப் போனார். திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது.

"டம்ளர் எங்கங்க?"

"அவனுக்கே வச்சிட்டேன். மண்ணுக்குள்ள. கேக்காத."

அக்கா அதன் பிறகு கேட்கவில்லை.

வளைவில் பூட்ஸைக் கழற்றியது அந்தத் துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளிலிருந்து. இன்னொரு பழக்கமும் அப்போதுதான் வந்தது. எங்கேயாவது லோரி நீளமாக ஹார்ன் அடித்தால் அக்கா இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொள்வார். முதல் சில மாதங்கள் ஹார்ன் கேட்டால் ரவிக்கை நனைந்துவிடும். பால் நின்ற பிறகும் கை மட்டும் போகும். குகனுக்குப் பிறகு மகள் யுவனேஸ்வரி பிறந்து, வளர்ந்து, ஈப்போவில் வேலைக்குப் போய்விட்டாள். கை இன்னும் போகிறது.

அக்கா வாயைத் திறந்து பேசியது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். எஸ்டேட்டுக்கு யார் பெரியவர்கள் வந்தாலும், கோயில் திருவிழாவுக்கு வந்தாலும், தீபாவளி அன்பளிப்பு கொடுக்க வந்தாலும், கூட்டத்தின் கடைசியிலிருந்து எழுந்து நிற்பார்.

"திரிங்காப்புக்கு ஒரு மாத்து ரோடு வேணுங்கய்யா. டவுனுக்குள்ள போகாம, பின்னால சுத்திப் போற மாதிரி."

அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றிச் சொல்லமாட்டார். உட்கார்ந்துவிடுவார்.

எஸ்டேட்டே அவருக்கு 'பைபாஸ் குமுதா' என்று பேர் வைத்துவிட்டது. எங்கள் கங்காணி விஜயன் அண்ணனுக்கு அதில் தனிச் சந்தோஷம்.

"என்ன பைபாஸு, முருகன்கிட்டயும் போய் ரோடுதான் கேக்குறியா?"

"கேட்டேன் கங்காணி. அவரு மயிலுல போறாராம், ரோடு எதுக்குன்னாரு. அதான் மனுஷங்ககிட்ட கேக்குறேன்."

பெண்கள் சிரித்தால் அக்காவும் கொஞ்சம் சிரிப்பார். ஆனால் அடுத்த கூட்டத்திலும் எழுந்து நிற்பார்.

தங்கையா அண்ணன் கோவிட் வருவதற்கு முந்தின வருடம் சிறுநீரகக் கோளாறில் இறந்தார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவராகவே ஒன்று சொன்னாராம். "வளைவு தாண்டி. செவப்புச் செடி நட்டேன். அதுக்குக் கீழ." அக்கா அதை என்னிடம் சொன்னபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வகைச் செடியை எல்லாருக்கும் தெரியும். மலாய்க்காரர்கள் அதை ஜெஞ்சுவாங் என்பார்கள். தண்டு நீளமாக, இலை இரத்தச் சிவப்பாக இருக்கும். அவர்களின் கல்லறைகளில் நிற்கும். அதைப் பார்த்து எங்கள் ஆட்களும் நடுவார்கள். ஆனாலும் அக்கா அந்தச் சரிவில் இறங்கித் தேடவில்லை. போகக்கூடாத இடம் என்பது அவருக்குள் அவ்வளவு ஆழமாக இருந்தது. இருக்கிறான், செடி நிற்கிறது, அது போதும் என்று இருந்தார்.

பிறகு நிஜமாகவே பைபாஸ் வந்தது.

பேப்பரில் வந்தது என்றார்கள். அப்புறம் அளக்கிற ஆட்கள் வந்தார்கள். டவுனுக்குப் பின்னால் பண்ணைகளைத் தொட்டு, எங்கள் எஸ்டேட் சரிவை வெட்டிக்கொண்டு, மேலே மெயின் ரோட்டில் சேரும் என்றார்கள். அக்கா அண்டா நிறையக் கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். விஜயன் அண்ணன் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "மயிலு ரோட்டுக்கு ஒத்துக்கிச்சு லா" என்றார்.

ஒரு வாரம் கழித்து வேலை முடிந்து வரும்போது வளைவில் முளைக்குச்சி அடித்து, சிவப்பு நாடா கட்டியிருந்தது. அக்கா பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றார். குச்சிகள் வளைவிலிருந்து பாலம் வரை சரிவு முழுவதும் போயின. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்துக் குச்சிகள் தெரியவில்லை, நாடாக்கள் மட்டும் அசைந்தன.

"இது இங்க எதுக்கு பாப்பா அடிச்சிருக்கான்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். எனக்குப் பதில் தெரியும். அவருக்கும் தெரியும்.

ரோடு போடுகிற குத்தகைக் கம்பெனியில் டெஸ்மண்ட் சூப்பர்வைசர். அன்றைக்கு லோரி ஓட்டிய ராஜநாயகம் அண்ணனின் மகன்தான். லயன் லயனாக வந்து, சரிவில் யாராவது சொந்தக்காரர்களைப் புதைத்திருந்தால் இடத்தைக் காட்டுங்கள், முறைப்படி தோண்டி எடுத்துப் பெரிய இடுகாட்டில் வைக்கலாம் என்று சொன்னான். மற்றக் குடும்பங்கள் எஸ்டேட்டை விட்டு எங்கெங்கோ போய்விட்டன. கேட்க இருந்தது குமுதாக்கா மட்டும்தான்.

"எங்கன்னு காட்டுங்க ஆண்ட்டி. நானே கூட நின்னு எடுத்துத் தரேன்."

"எனக்குத் தெரியாது தம்பி. நான் போனதில்ல."

"இத்தன வருஷத்துல ஒரு தடவகூடவா?"

"எங்கள்ல போகமாட்டாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அப்பா சாகுற வரைக்கும் அந்த ஹார்னப் பத்தியே பேசுவாரு ஆண்ட்டி. கைய எடுத்திருந்தா யாராச்சும் கேட்டிருப்பாங்களோம்பாரு. என்ன அர்த்தம்னு எங்களுக்குப் புரியாது."

அன்றைக்குப் போன ஆம்பிளைகளில் மிச்சமிருந்தவர் சுப்பிரமணியம் ஒருவர்தான். கம்போங் ராஜாவில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். ஒரு காலை இழுத்து நடப்பார். டெஸ்மண்ட் போய்க் காரில் கூட்டிவந்தான்.

"கவலப்படாதீங்க அண்ணி. மம்பட்டி புடிச்சவனே நான்தான் லா. கண்ணக் கட்டிவிட்டாலும் போய் நிப்பேன்" என்றார்.

தோண்டுகிற அன்று கோயில் பண்டாரம், சுப்பிரமணியம், டெஸ்மண்ட், விஜயன் அண்ணன், மண்வெட்டியோடு ரஃபீக் எல்லாரும் வளைவில் கூடினார்கள். ரஃபீக் எஸ்டேட்டை விட்டு டெஸ்மண்டின் கம்பெனியில் சேர்ந்திருந்தான். அக்கா பூட்ஸைக் கழற்றிவிட்டு அவர்களோடு சரிவில் இறங்கக் கால் வைத்தார்.

"பொம்பளைங்க இங்கயே நில்லும்மா" என்றார் பண்டாரம்.

"அந்த டம்ளர் என் டம்ளரு சாமி. என் பேரு வெட்டுனது. நான் பாக்கணும்."

பண்டாரம் விஜயன் அண்ணனைப் பார்த்தார். விஜயன் அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார். அக்கா இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன்.

சுப்பிரமணியம் வேகமாகத்தான் முன்னால் போனார். தேயிலை விளிம்பு வந்ததும் வேகம் குறைந்தது. நின்று இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். சரிவின் நெடுக, மேலிருந்து கீழ்வரை, வரிசையாகச் சிவப்புச் செடிகள் நின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

"என்ன அண்ணி இது?" என்றார். "அப்ப இங்க ஒண்ணுதான் இருந்துச்சு. நாங்க நட்ட ஒண்ணு. இவ்ளோ செடி எங்கேர்ந்து வந்துச்சு?"

அக்கா தரையில் உட்கார்ந்தார்.

"நாங்கதான் வெட்டிக் குடுத்தோம்" என்றார்.

பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று வைத்த வருடம், ஒவ்வொரு மலைக்கும் எல்லை தெரிய நிறமான செடி நடச் சொன்னது துரையின் உத்தரவு. சிவப்புச் செடிக்கு விதை வேண்டாம், வேர் வேண்டாம். தண்டை ஒரு சாண் நறுக்கி ஈர மண்ணில் குத்தினால் பிடித்துக்கொள்ளும். கங்காணி பெண்கள் கூட்டத்திடம் கத்தியைக் கொடுத்து, கிடைக்கிற இடத்தில் தண்டு வெட்டி வரச் சொன்னார். அவர்களில் அக்காவும் ஒருவர். வளைவில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் போனாராம். பாதையிலிருந்து எட்டிய தூரத்தில், தனியாக, புதராக வளர்ந்த ஒரு செடி இருந்ததாம். நல்ல நிறமாக, செழிப்பாக இருந்ததால் எல்லாரும் அதிலேயே வெட்டினார்களாம். அவற்றைச் சரிவில் இறங்கி நட்டது ஆம்பிளைகள், எங்கெங்கே என்று அக்கா பார்த்ததில்லை. தங்கையா அண்ணன் செடி நட்டதை அப்போது அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"எந்த எடத்துல இருந்துச்சு அந்தப் புதரு?" என்று டெஸ்மண்ட் கேட்டான்.

அக்கா சரிவைப் பார்த்தார். "அடியோட வெட்டிட்டோம் தம்பி. வெட்டுன அடி மறுபடி துளிர்த்திருக்கும். இதுல எது அதுன்னு…" என்று நிறுத்திக்கொண்டார்.

சுப்பிரமணியம் ஒரு செடியைக் காட்டினார். இதுதான் என்று சொன்ன குரலில் பழைய உறுதி இல்லை. ரஃபீக் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தோண்டினான். சிவப்பு மண். பிறகு மஞ்சள் மண். பிறகு கல். பக்கத்துச் செடியின் கீழும் தோண்டினான். அதற்கடுத்ததிலும்.

பண்டாரம் சொன்னார். "பச்ச மண்ணுமா அது. இந்த மலையில எலும்பு நிக்காது. மண்ணு எடுத்துக் கலசத்துல வச்சா போதும், அவனேதான்."

"எலும்பு நிக்காது சாமி. எவர்சில்வரு நிக்கும்ல?" என்றார் அக்கா.

பண்டாரம் முதல் குழியின் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கலசத்தில் போட்டு மஞ்சள் துணி கட்டினார். அக்கா தடுக்கவில்லை. பெரிய இடுகாட்டில் அதை வைத்துச் சிமெண்டில் பெயர் எழுதினார்கள்.

அடுத்த இரண்டு வாரமும் ரஃபீக்கும் டெஸ்மண்டும் வேலை முடிந்ததும் வந்து ஒவ்வொரு செடியாகத் தோண்டினார்கள். மழைக்காலம் வேறு. தோண்டின குழி மறுநாள் குளமாக இருக்கும். டெஸ்மண்ட் அந்தச் சரிவுத் துண்டை மட்டும் கடைசிக்குத் தள்ளிவைத்து, மற்ற இடங்களில் மெஷினை ஓட்டினான். ஒரு நாள் வந்து அக்காவின் வாசலில் நின்றான்.

"இனிமே என்னால தள்ள முடியாது ஆண்ட்டி. மேல கேக்குறாங்க. நீங்க எதிர்ப்பு எழுதிக் குடுத்தா நிக்கும். அப்புறம் எப்ப ஆரம்பிக்கும்னு எனக்கே தெரியாது."

அன்று சாயங்காலமே விஜயன் அண்ணனும் கோயில் கமிட்டி ஆட்களும் வந்தார்கள். விஜயன் அண்ணன் பழைய கிண்டல் இல்லாமல் பேசினார்.

"கையெழுத்துப் போடு குமுதா. நாங்க இருக்கோம். நம்ம புள்ள கெடக்குற மண்ண ஒருத்தனும் தொட முடியாது. ரோட்டயே திருப்பி விட்டுருவோம்."

பின்னால் நின்ற ஒருவன், "பைபாஸ் கேட்டதே இவங்கதான். இப்ப இவங்களே நிப்பாட்டப் போறாங்களா? சரியான கூத்து" என்றான். விஜயன் அண்ணன் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் வெளியே போய்விட்டான்.

யுவனேஸ்வரி ஈப்போவிலிருந்து போன் செய்தாள். "நிப்பாட்டும்மா. எங்க அண்ணன் மேல லோரி போறத நான் பாக்கமாட்டேன்" என்று அழுதாள். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. அக்கா என்னிடம், "பாப்பா, திரிங்காப் வரைக்கும் வரியா?" என்று கேட்டார். பிள்ளை இறந்த நாளிலிருந்து அவர் திரிங்காப் தெருவில் கால் வைத்ததில்லை. பஸ்ஸில் கடந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

டவுன் அன்று மாதிரியே இருந்தது. காய்கறி லோரிகள் இரண்டு ஓரத்திலும். நடுவில் அசையாத கார்கள். அந்தப் பூக்கடை இப்போது போன் கடையாகியிருந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்றார். நானும் நின்றேன். கார்க் கண்ணாடிகளுக்குள் பிள்ளைகள் சோளம் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்களைப் பார்த்து நாக்கை நீட்டினான். எங்கோ பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்தது. அக்காவின் கைகள் மார்புக்குப் போயின. ஹார்ன் நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

"இப்பவும் நகரல பாரு" என்றார்.

சாயங்காலம் விஜயன் அண்ணன் பேப்பரோடு வந்தபோது வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"வேணாங்க கங்காணி. அந்த ரோடு இல்லாததாலதானே அவன் அங்க கெடக்குறான். நானே வந்து அத நிப்பாட்டவா?"

டெஸ்மண்டிடம் ஒன்று மட்டும் கேட்டார். மெஷின் வெட்டும்போது தான் பக்கத்தில் நிற்கவேண்டும். அவன் மேலே யாரிடமோ பேசி, மஞ்சள் தொப்பியும் சட்டையும் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்தத் துண்டை வெட்ட ஆரம்பித்ததும் அக்கா வேலைக்குப் போவதை நிறுத்தினார். நானும் ஆயாக் கொட்டாயில் சொல்லிவிட்டு முடிந்தபோதெல்லாம் போனேன். அக்கா கயிற்றுக்கு இந்தப் பக்கம், தொப்பி போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு நின்றார். எக்ஸ்கவேட்டர் ஓட்டியவன் இந்தோனேசியாக்காரன். அவனுக்கு டெஸ்மண்ட் சொல்லியிருந்தான். ஒவ்வொரு முறை மண்ணை அள்ளியதும் லோரியில் கொட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவான். ரஃபீக் எட்டிப் பார்ப்பான். அக்கா ரஃபீக்கின் முகத்தைப் பார்ப்பார். அவன் தலையை ஆட்டுவான். மண் லோரியில் விழும்.

சிவப்புச் செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வேர் மேலே வந்தது. சில வேரில் பிடித்த மண் விழாமல் அப்படியே தொங்கியது.

ஒரு மத்தியானம், பனியோடு தூறல் விழுந்த நேரத்தில், ரஃபீக் கையைத் தூக்கினான். மெஷின் நின்றது. மண்ணுக்குள் ஏதோ பளிச்சிட்டது. அக்கா கயிற்றைத் தாண்டி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதை நான் அப்போதுதான் பார்த்தேன். ரஃபீக் அதை எடுத்துத் தன் சட்டையில் துடைத்தான். பால் டின் மூடி. யாரோ கொழுந்து எடுக்க வந்தவர்கள் போட்டது. அவன் அதை அக்காவிடம் காட்டவும் முடியாமல், எறியவும் முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அக்கா அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பேர் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு அவனிடமே கொடுத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் டெஸ்மண்டிடம் கேட்டார்.

"இந்த மண்ண எங்க தம்பி கொண்டு போறீங்க?"

"ரோட்டுக்கேதான் ஆண்ட்டி. பள்ளம் இருக்குற எடத்துல கொட்டி, மேல ரோலர் ஓட்டுவோம்."

"எந்தப் பள்ளத்துல?"

டெஸ்மண்ட் கொஞ்சம் தயங்கினான். "கீழ டவுன் பக்கத்துலேர்ந்து மேல சேருற எடம் வரைக்கும், எல்லாப் பள்ளத்துலயும்தான்."

அக்கா லோரி போகிற பக்கம் திரும்பிப் பார்த்தார். மண் ஏற்றிய லோரி வளைவில் திரும்பும்போது ஹார்ன் அடித்தது. அவர் கை மார்புக்குப் போனது. அடுத்த நாளிலிருந்து அவர் அங்கே நிற்கப் போகவில்லை. நிற்க ஓர் இடம் என்று இனிமேல் இல்லை என்பதை அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

பைபாஸ் இப்போது திறந்துவிட்டது. காய்கறி லோரிகள் அதில்தான் போகின்றன. விடுமுறை நாளில் திரிங்காப்பில் நெரிசல் இன்னும் இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதில் மாட்டிக்கொள்வதில்லை. போன மாதம் எங்கள் லயனிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்கு ஏற்றிப் போன ஆம்புலன்ஸ் பைபாஸ் வழியாகப் போனது. தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள்.

வளைவும் இல்லை, சின்னப் பாலமும் இல்லை. குமுதாக்கா வேலையை விட்டுவிட்டு அதே வீட்டில் இருக்கிறார். சிமெண்டில் பெயர் எழுதிய இடத்துக்கு அவர் போவதில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க மாதம் ஒரு முறை டெஸ்மண்டின் வேனில் தானா ராத்தா போகிறார், நானும் கூடப் போகிறேன். வேன் பைபாஸில் ஏறியதும் அவர் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். பைபாஸ் முடிந்து மெயின் ரோடு வந்ததும் போட்டுக்கொள்வார். அந்த ரோட்டில் டெஸ்மண்ட் ஹார்ன் அடிப்பதில்லை.

டம்ளர் கிடைக்கவில்லை.